தேடும் அனுமதி வேறு, எடுக்கும் உரிமை வேறு

பிரிட்டனின் கடற்கரைகளில் மெட்டல் டிடெக்டரோடு இறங்கும் தமிழ் அன்பர்களுக்கு,

ஆள் நடமாட்டமில்லாத கடற்கரை பிரிட்டனில் உண்டு. உடைமையாளர் இல்லாத கடற்கரை இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம் கடற்கரையை ஒரே நிலமாகப் பார்ப்பதுமில்லை. சராசரி உயர் ஓதக் கோட்டுக்கும் சராசரி தாழ் ஓதக் கோட்டுக்கும் நடுவே, நாளுக்கு இருமுறை நீர் ஏறி வற்றும் ஈரமணல் ஒரு சொத்து. அதற்கு மேலே, சாதாரண நாட்களில் அலை எட்டாத உலர்மணல் வேறொரு சொத்து. கீழே, எந்நேரமும் தண்ணீருக்குள் கிடக்கும் கடற்படுகை மூன்றாவது சொத்து. இந்த மூன்றுக்கும் மூன்று உடைமையாளர்கள் இருக்கலாம். கார் நிறுத்துமிடத்திலிருந்து தண்ணீரின் விளிம்புவரை டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு நடப்பவர், வேலியோ கல்லோ இல்லாத ஓர் எல்லையைத் தாண்டிவிட்டது தெரியாமலே தாண்டியிருப்பார்.

பொதுக் கடற்கரை என்ற சொல்தான் முதல் குழப்பத்துக்குக் காரணம். நடக்கலாம், குளிக்கலாம், குழந்தைகள் மணல்வீடு கட்டலாம் என்பதால் அது எல்லாருக்கும் சொந்தம் என்று தோன்றிவிடுகிறது. ஆங்கிலேயப் பொதுச்சட்டம் அவ்வளவு தாராளமானது அல்ல. நீர் ஏறி வற்றும் கரையில் அது பொதுமக்களுக்குத் தெளிவாக ஒத்துக்கொண்டவை இரண்டே உரிமைகள்: படகு செலுத்துவது, மீன் பிடிப்பது. லிவர்பூலுக்கு வடக்கே கிரேட் குரோஸ்பி கரையில் குளியல் வண்டிகளை இறக்கிய தகராறு 1821இல் நீதிமன்றத்துக்குப் போனது. கடலில் குளிப்பதற்காகக் கரையைக் கடக்கும் பொது உரிமை என்று ஒன்று இல்லை என்பதே தீர்ப்பு. டர்ஹம் மாவட்டக் கரையில் அலை ஒதுக்கும் நிலக்கரியைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வந்தவர்கள் அதைத் தங்கள் வழக்காற்று உரிமை என்று வாதாடியதும் 1967இல் எடுபடாமல் போனது. காலங்காலமாகச் சகித்துக்கொள்ளப்பட்டது என்பதற்காக அது உரிமை ஆகிவிடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அலை ஒதுக்கிய கரியைப் பொறுக்குவதற்கே உரிமை இல்லையென்றால், மணலைத் தோண்டி நாணயம் எடுப்பதற்கு எங்கிருந்து உரிமை வரும்? அதற்கு உடைமையாளரின் அனுமதி வேண்டும். எழுத்தில் கேட்டு வாங்கியதாகவும் இருக்கலாம். அனைவருக்குமாகப் பொதுவில் அறிவிக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

அப்படிப் பொதுவில் அறிவித்திருப்பது கிரவுன் எஸ்டேட். மன்னராட்சியின் பெயரில் இருந்தாலும் மன்னர் விற்கவோ வருமானத்தை எடுத்துக்கொள்ளவோ முடியாத சொத்து அது. உபரி அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் ஈரமணலில் ஏறத்தாழப் பாதியும், 12 கடல் மைல் வரையிலான கடற்படுகையில் அநேகமாக முழுவதும் அதன் கையில் இருக்கின்றன. முன்பு ஒவ்வொருவரும் இணையத்தில் பெயர் பதிந்து அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. இப்போது அது வேண்டியதில்லை. கிரவுன் எஸ்டேட்டுக்குச் சொந்தமான ஈரமணலில் தனி அனுமதி இல்லாமலே பொழுதுபோக்காக டிடெக்டர் பயன்படுத்தலாம். தோண்டிய குழியை மூட வேண்டும், பாதுகாக்கப்பட்ட இடங்களைத் தொடக் கூடாது, கிடைத்தவற்றைச் சட்டப்படி அறிவிக்க வேண்டும் என்பவை அதற்குரிய எதிர்பார்ப்புகள். கடற்படுகைக்கு இந்த இசைவு பொருந்தாது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நீர்புகாத டிடெக்டரை வீசுபவர், தாழ் ஓதக் கோட்டைத் தாண்டிய நொடியில் இசைவுக்கு வெளியே நிற்கிறார்.

எந்தக் கரை கிரவுன் எஸ்டேட்டுடையது என்பதை அதன் இணைய வரைபடம் வண்ணமிட்டுக் காட்டுகிறது. புறப்படுவதற்கு முன் அதைத் திறந்து பார்ப்பது பத்து நிமிட வேலை. ஆனால் அந்த வரைபடம் பதில் சொல்வது ஒரே கேள்விக்கு. இங்கே தொல்லியல் பாதுகாப்பு உண்டா, பறவைகள் கூடு கட்டும் இடமா, கவுன்சில் துணைவிதி தடுக்கிறதா என்பவற்றையெல்லாம் வேறு வேறு அலுவலகங்களின் வேறு வேறு வரைபடங்களில் தேட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் அரசு வரைபடம் ஒன்று இருந்தால் பாதித் தவறுகள் நடக்காது. அது வரும்வரை அலைச்சல் தேடுபவர் பக்கம்தான்.

ஈரமணலுக்கான இந்த இசைவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உப்புநீர் ஊறிய மணல் மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் மலிவு விலை டிடெக்டர், ஈரமணலில் அதன் தேடுசுருளை வைத்த உடனே உலோகம் இருப்பதுபோலக் கத்தத் தொடங்கிவிடும். உணர்திறனைக் குறைத்தால் சத்தம் அடங்கும். கூடவே ஆழமும் போய்விடும். பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவியும், துடிப்புமுறைக் கருவியும்தான் ஈரமணலில் நிதானமாக வேலை செய்யும். இரண்டும் விலை கூடியவை. ஆகவே புதிதாக வாங்கியவர் தானாகவே மேலேறி உலர்மணலுக்கு வந்துவிடுகிறார். வெயில் காலத்தில் துண்டு விரித்துப் படுத்தவர்களின் சில்லறையும் மோதிரமும் விழுவதும் அங்கேதான். ஆனால் தாராளமான பொது இசைவு ஈரமணலோடு நின்றுவிடுகிறது. உலர்மணலுக்கு அது இல்லை. அனுமதி இருக்கும் இடத்தில் கருவி ஓடாது, கருவி ஓடும் இடத்தில் அனுமதி கேட்க வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் புதியவர்களின் சிக்கல்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

உலர்மணல் பெரும்பாலும் உள்ளூர் கவுன்சிலின் கையில் இருக்கும். சில இடங்களில் ஈரமணலும் அதனுடையதே. ஒரு கவுன்சில் தடையின்றி விடும். இன்னொன்று கோடைக்காலப் பகற்பொழுதில் மட்டும் தடுக்கும். வேறொன்று துணைவிதியாலேயே முழுதாக மறுத்திருக்கும். பக்கத்து ஊரில் விட்டார்களே என்ற வாதம் இங்கே செல்லாது. துணைவிதிப் பலகை கரை வாசலில் இருந்தாலும், நாய், பார்பிக்யூ, தண்ணீர் ஸ்கூட்டர் என்ற வரிசையில் டிடெக்டர் பற்றிய வரி கடைசியில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். கவுன்சிலின் கடற்கரைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது. மணலில் வந்து கேள்வி கேட்கும் அதிகாரிக்கு வாய்ப்பேச்சைவிட அந்தப் பதில் திருப்தி தரும்.

கவுன்சில் நிலம் பொதுநிலம், பொதுநிலத்தில் கிடைத்தது கண்டவருக்கே என்று நினைப்பவர்கள் அறிய வேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. சரே மாவட்டத்தில் ஃபார்ன்ஹம் பூங்கா, வேவர்லி கவுன்சிலுக்குச் சொந்தமானது. யாரும் போய் உலாவலாம். 1992இல் அங்கே ஒருவரின் டிடெக்டர் ஒலித்தது. ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்தில் இடைக்காலத்துத் தங்க ஊசிப்பதக்கம் ஒன்று இருந்தது. அது அரசுக்குரிய புதையல் அல்ல என்று விசாரணையில் முடிவானதும், யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. முதல் நீதிமன்றம் கண்டெடுத்தவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995இல் அதை மாற்றியது. மண்ணுக்குள் கிடந்த பொருளில் கண்டவரைவிட மண்ணின் உடைமையாளருக்கே உரிமை அதிகம். பூங்காவில் உலாவக் கொடுத்த அனுமதி தோண்டக் கொடுத்த அனுமதி ஆகாது. தோண்டிய அளவில் அவர் அத்துமீறியவரே என்றது. தீர்ப்பு பூங்காவைப் பற்றியது என்றாலும் அதன் தர்க்கம் மணலுக்கும் பொருந்தும். மணலின் மேலேயே கிடப்பதைக் குனிந்து எடுப்பவரின் நிலை இதைவிடச் சற்று வலுவானது. ஆனால் டிடெக்டர் வைத்திருப்பவர் அநேகமாக எப்போதுமே தோண்டித்தான் எடுக்கிறார்.

கிரவுன் எஸ்டேட்டும் கவுன்சிலும் போக மற்ற உடைமையாளர்களும் இருக்கிறார்கள். கம்ப்ரியாவின் பேரோவிலிருந்து மெர்சி ஆற்றின் நடுக்கோடு வரை லங்காஸ்டர் டச்சியின் கரை. கார்ன்வாலில் பெரும்பகுதி கார்ன்வால் டச்சியுடையது. பெயரில் அரச வாடை அடித்தாலும் இவை கிரவுன் எஸ்டேட் அல்ல. அதன் பொது இசைவு இங்கே செல்லாது, தனியாகக் கேட்க வேண்டும். நேஷனல் டிரஸ்ட் தன் நிலங்களில் பொழுதுபோக்குத் தேடலுக்கு அநேகமாக இடமே தருவதில்லை. திட்டமிட்ட தொல்லியல் ஆய்வுக்கு மட்டும் உரிமம் கொடுக்கும். பாதுகாப்பு அமைச்சகத்தின் பயிற்சி நிலங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

லண்டன் தமிழர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓதக் கரை தேம்ஸ் ஆற்றினுடையது. தண்ணீர் வற்றியதும் பாலத்தடியில் இறங்கிவிடலாம் என்பதால் பலருக்கும் ஆசை அங்கேதான் தொடங்குகிறது. இங்கே விதி கடற்கரையைவிட இறுக்கமானது. லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் டிடெக்டரோடு மட்டுமல்ல, வெறுங்கையோடும் எதையும் தேடக் கூடாது. உடைந்த மண்குழாய்த் துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்தாலும் அது தேடலாகவே கொள்ளப்படும். சாதாரணச் சீட்டு வைத்திருப்பவர் தோண்டலாம் என்று இருந்த ஆழம் 7.5 செ.மீ. மட்டும். 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை லண்டன் அருங்காட்சியகத்தின் கண்டெடுப்புப் பதிவு அலுவலரிடம் காட்ட வேண்டும். கூட்டம் தாங்காமல் 2022 நவம்பரில் ஆணையம் புதிய சீட்டு கொடுப்பதையே நிறுத்தியது. அதன்பின் காத்திருப்புப் பட்டியல் வழியாகத்தான் எதுவும் நடக்கிறது. காற்றுப் புகாத அந்தச் சேற்றில் தோலும் மரமும்கூட நூற்றாண்டுகளாக அழுகாமல் கிடக்கின்றன என்பதை நினைத்தால் இந்தக் கெடுபிடி அதிகம் என்று சொல்ல முடியாது.

நிலத்தின் உடைமையாளர் யாராக இருந்தாலும், அவர் சம்மதித்தாலும், சில இடங்களில் டிடெக்டரை இயக்கவே கூடாது. தொல்சின்னங்கள், தொல்லியல் பகுதிகள் சட்டம் 1979, அதன் 42ஆம் பிரிவு: பட்டியலிட்ட தொல்சின்னத்தின் எல்லைக்குள் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவது குற்றம், எதையாவது எடுத்துவிட்டால் தண்டனை கூடும். ஒப்புதல் தர வேண்டியது இங்கிலாந்தில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து, இப்போது இதற்குத் தனிச் சட்டம் உள்ள வேல்ஸில் காடு (Cadw) என்ற அமைப்பு. பழைய கோட்டை, காவல் அரண் போன்றவை பல கரையோரங்களில் இந்தப் பட்டியலில் உள்ளன. சிறப்பு அறிவியல் முக்கியத்துவமுள்ள இடங்கள் என்று அறிவிக்கப்பட்ட மணல்மேடுகளும் கூழாங்கல் கரைகளும் வேறு வகை. அங்கே கவலை பழம்பொருளைப் பற்றியது அல்ல. சின்ன ஆலாவும் உப்புக்கொத்தியும் கூடு என்று எதையும் கட்டாமல் கற்களுக்கு நடுவிலேயே முட்டையிடும். ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை கண்ணுக்குத் தெரியாத முட்டைமேல் கால் பட்டுவிடுவது எளிது.

கப்பல் சிதைவுகளுக்கு இன்னொரு சட்டம். ஹேஸ்டிங்ஸுக்கு மேற்கே புல்வர்ஹைத் கரையில், ஆண்டின் மிகத் தாழ்ந்த ஓதங்களின்போது, மணலிலிருந்து கறுத்த மரத்தூண்கள் வரிசையாகத் தலைநீட்டும். அது ஒரு கப்பலின் விலா எலும்பு. நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘ஆம்ஸ்டர்டாம்’ கப்பல், பட்டாவியாவுக்கு வெள்ளியும் துணியும் மதுவும் ஏற்றிக்கொண்டு முதல் பயணம் புறப்பட்டது. புயலில் சுக்கானை இழந்து, மாலுமிகள் நோயில் விழ, 1749 ஜனவரியில் இந்தக் கரையில் ஏறியது. கனத்த கப்பல் சேற்றுக்குள் வேகமாக இறங்கிவிட்டதால் கீழ்ப்பகுதி அப்படியே தப்பியது. 1969இல் பக்கத்தில் குழாய் பதிக்க வந்தவர்கள் இயந்திரத்தை விட்டுத் தோண்டிப் பொருள்களை அள்ளினார்கள். பழைய கப்பல் சிதைவுகளைக் காக்கும் தனிச் சட்டம் எதுவும் இல்லாத காலம் அது. சிதைவுகள் பாதுகாப்புச் சட்டம் 1973இல் வந்தது. மறு ஆண்டே ‘ஆம்ஸ்டர்டாம்’ அதன் கீழ் வந்தது. இன்று அந்தத் தூண்களைச் சுற்றி நடந்து பார்க்கலாம். உரிமம் இல்லாமல் ஒரு ஆணியைக்கூடப் பெயர்க்கக் கூடாது. கரையில் இருந்து நடந்தே போய்விடக்கூடிய இடம் என்பதால் ஈரமணல் இசைவு இதற்கும் உண்டு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விழுந்து நொறுங்கிய இராணுவ விமானங்களுக்கும் 1986ஆம் ஆண்டின் இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் இதே போன்ற காவலைத் தருகிறது. தனியாக அறிவிப்பு எதுவும் தேவையில்லை, விமானம் என்றாலே பாதுகாப்புதான்.

இதுவரை சொன்னது எங்கே தேடலாம் என்பது. கிடைத்ததை வைத்துக்கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை இடத்தைவிடப் பொருள் அங்கே எப்படி வந்தது என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது. நிலத்தில் புதைந்த பழம்பொருளுக்கு ஒரு சட்டம், கப்பலிலிருந்து விழுந்ததற்கு ஒரு சட்டம், நேற்று யாரோ தொலைத்ததற்கு ஒரு சட்டம்.

முதலாவது, புதையல் சட்டம் 1996. தங்கம் அல்லது வெள்ளி 10 சதவீதமாவது கலந்து, 300 ஆண்டாவது பழைமையான பொருள் புதையல். நாணயம் ஒன்று மட்டும் கிடைத்தால் பொதுவாக அது புதையல் ஆகாது. ஒரே இடத்தில் இரண்டு தங்க, வெள்ளி நாணயங்கள் கிடைத்தால் ஆகும். மலிவு உலோகமென்றால் பத்து வேண்டும். கிடைத்த நாளிலிருந்தோ, இது புதையலாக இருக்கலாம் என்று உறைத்த நாளிலிருந்தோ 14 நாளுக்குள் கொரோனரிடம் அறிவிக்க வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரிதான் புதையலையும் விசாரிக்கிறார். இடைக்காலத்திலிருந்து தொடரும் ஏற்பாடு இது. நடைமுறையில் அந்தந்த மாவட்டக் கண்டெடுப்புப் பதிவு அலுவலரிடம் கொடுத்தால் அவர் மேற்கொண்டு பார்த்துக்கொள்வார். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் சந்தை மதிப்புக்குச் சமமான வெகுமதி, வழக்கமாகக் கண்டவருக்கும் நில உடைமையாளருக்கும் பாதிப் பாதி. அனுமதி இல்லாமல் புகுந்து எடுத்திருந்தால் கண்டவரின் பங்கு குறையலாம், இல்லாமலும் போகலாம். அறிவிக்காமல் விட்டால் மூன்று மாதம் வரை சிறை. மறைத்து விற்றால் அது திருட்டு. ஹியர்ஃபோர்ட்ஷயரில் 2015இல் வைக்கிங் காலக் குவியலைத் தோண்டி எடுத்து அறிவிக்காமல் விற்றவர்கள் 2019இல் பல ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்கள்.

இந்தச் சட்டத்தில் நெடுநாள் ஓர் ஓட்டை இருந்தது. 2010இல் கம்ப்ரியாவில் கிடைத்த ரோமானியர் காலக் குதிரைவீரரின் முகக்கவசம், வெண்கலம் என்ற ஒரே காரணத்தால் புதையல் வரையறைக்குள் வராமல் ஏலத்துக்குப் போய், 20 இலட்சம் பவுண்டுக்கும் அதிகமாக விலைபோய், தனியார் கையில் சேர்ந்தது. 2023 ஜூலை 30 முதல் அந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது. எந்த உலோகமானாலும், 200 ஆண்டுப் பழைமையும் விதிவிலக்கான வரலாற்று முக்கியத்துவமும் இருந்தால் அதுவும் புதையலே. கறுத்துப்போன பித்தளை என்று தூக்கி எறியாமல் அலுவலரிடம் காட்டுவதற்கு இது இன்னொரு காரணம்.

கப்பலிலிருந்து வந்தது என்றால் புதையல் சட்டம் விலகிக்கொள்ளும். வணிகக் கப்பல் சட்டம் 1995 வந்து உட்காரும். சிதைந்த கப்பலின் பாகமோ சரக்கோ ஓதக் கரையில் கிடைத்தால், 28 நாளுக்குள் சிதைவுப் பெறுநர் என்ற அதிகாரிக்கு எழுத வேண்டும். அவர் கடல்சார் மற்றும் கடலோரக் காவல் முகமையில் இருக்கிறார். பொருளின் வயது இங்கே ஒரு பொருட்டே அல்ல. போன மாதம் கவிழ்ந்த கப்பலின் சரக்கும் அறிவிக்க வேண்டியதே. உடைமையாளர் வந்து கேட்க ஓர் ஆண்டு அவகாசம். யாரும் வராவிட்டால் அரசுக்கு. முறையாக அறிவித்தவருக்கு மீட்புக் கூலி உண்டு. மதிப்புக் குறைந்த பொருளாக இருந்தால் கூலிக்குப் பதிலாக அதையே வைத்துக்கொள்ள விடுவதும் உண்டு. அறிவிக்காதவருக்கு 2,500 பவுண்டு வரை அபராதம், மீட்புக் கூலி இல்லை, உடைமையாளருக்குப் பொருள் மதிப்பின் இரு மடங்கு வரை கட்ட வேண்டியும் வரலாம். 2007 ஜனவரியில் டெவன் கரையோரம் எம்எஸ்சி நாபோலி என்ற சரக்குக் கப்பல் தரைதட்டியபோது, பிரான்ஸ்கம் மணலில் கொள்கலன்கள் ஒதுங்கின. நாடெங்குமிருந்து ஆட்கள் வந்து மதுப்பீப்பாய், குழந்தைத் துணிப்பொதி, புத்தம்புது பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிள் என்று தள்ளிக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. கரையில் ஒதுங்கியது எடுத்தவனுக்கு என்ற நம்பிக்கைக்கு அந்த வாரம் சட்டம் பதில் சொன்னது: கரை மூடப்பட்டது, எடுத்தவர்கள் விவரம் தர வேண்டும், கேட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது.

கடற்கரையில் உண்மையில் அதிகம் கிடைப்பது மூன்றாவது வகைதான். டின் மூடி வளையம், ஒரு பவுண்டு நாணயம், சாவி. எப்போதாவது ஒரு மோதிரம். மோதிரம் கிடைத்தால் உட்புறத்தை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். நங்கூர முத்திரை இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது; சிறுத்தைத் தலை என்றால் லண்டன்; ரோஜா என்றால் ஷெஃபீல்டு. 375 என்றால் ஒன்பது காரட். பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அதன் வடிவத்தை வைத்து ஆண்டையே சொல்லிவிடலாம். 916 என்று மட்டும் இருந்தால் நம்மவர்கள் யாரோ குளிக்கும்போது நழுவவிட்ட 22 காரட் நகையாக இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே பெயரும் திருமணத் தேதியும் பொறித்திருப்பது அரிதல்ல. திருட்டுச் சட்டம் 1968இன்படி, நியாயமான முயற்சி செய்தால் உடைமையாளரைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று தெரிந்தும் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது திருட்டு. நியாயமான முயற்சி என்பது பெரிய பாடு ஒன்றும் இல்லை: காவல் நிலையத்திலோ கடற்கரை அலுவலகத்திலோ பதிவு செய்வது, ஊர்ப் பக்கங்களில் முழு அடையாளத்தையும் சொல்லாமல் அறிவிப்பது, உரிமை கேட்டு வருபவரிடம் உள்ளே என்ன பொறித்திருக்கிறது என்று கேட்பது. ஐந்து பென்னி நாணயத்துக்கு இதெல்லாம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நாணயமும் நகையும் போலவே டிடெக்டரைக் கத்தவைக்கும் இன்னொன்று வெடிகுண்டு. டோர்செட்டின் ஸ்டட்லண்ட் விரிகுடாவில் 1944 ஏப்ரலில் நார்மண்டிப் படையிறக்கத்துக்கான ஒத்திகை உண்மையான குண்டுகளோடு நடந்தது. சர்ச்சிலும் ஐசனோவரும் மன்னர் ஆறாம் ஜார்ஜும் கரைமேட்டின் காப்பரணிலிருந்து பார்த்தார்கள். அப்போது வெடிக்காமல் புதைந்தவை அந்த மணலில் இப்போதும் தலைகாட்டுகின்றன. ஸ்டட்லண்ட் நேஷனல் டிரஸ்ட் நிலம் என்பதால் அங்கே டிடெக்டருக்கு எப்படியும் இடமில்லை. ஆனால் தென்கரையின் வேறு பல மணல்களிலும் இதே ஆபத்து உண்டு. துருப்பிடித்த உருளை எதுவானாலும் தொடாமல், கரண்டியால் தட்டிப் பார்க்காமல், விலகி நின்று 999ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேட்க வேண்டும்.

விடுமுறைக்கு எல்லை தாண்டும்போது விதியும் மாறுகிறது. ஸ்காட்லாந்தில் 14 நாள், 10 சதவீதம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. உடைமையாளர் அற்ற தொல்பொருள் எதுவானாலும், எந்த உலோகமானாலும், உலோகமே இல்லாவிட்டாலும், அரசுக்குரியது. எடின்பரோவில் உள்ள புதையல் பிரிவுக்கு அறிவித்தாக வேண்டும். கிரவுன் எஸ்டேட்டின் இடத்தில் அங்கே இருப்பது கிரவுன் எஸ்டேட் ஸ்காட்லாந்து என்ற தனி அமைப்பு. ஆர்க்னி, ஷெட்லாண்ட் தீவுகளில் பழைய நார்வீஜிய நிலமுறை இன்னும் தொடர்வதால் கரை தனியாருடையதாகவே இருக்கலாம். வட அயர்லாந்தில் 1995ஆம் ஆண்டு ஆணைப்படி, தொல்பொருள் தேடித் தோண்டுவதற்கே உரிமம் வேண்டும். அயர்லாந்துக் குடியரசோ 1987 முதலே, தொல்பொருளைத் தேடும் நோக்கத்தோடு அனுமதியின்றி டிடெக்டர் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. நான் நாணயம்தான் தேடினேன் என்ற விளக்கம் அங்கே எடுபடுவது கடினம்.

ஊருக்குப் போகும்போது டிடெக்டரைப் பெட்டியில் வைக்கலாமா என்று நினைக்கும் அன்பர்களுக்கு விடை இன்னும் சுருக்கமானது: வேண்டாம். இந்தியப் புதையல் சட்டம் 1878, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. பத்து ரூபாய் என்ற அந்த அளவு அன்றைய காசுக் கணக்கு. சட்டத்தில் இன்றும் அதுவே நிற்கிறது. 100 ஆண்டைத் தாண்டிய நாணயமும் சிலையும் தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே கண்டெடுத்தாலும் லண்டன் வந்து சேராது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் வளாகம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போனபின், பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் அதுவரை புதைந்திருந்த முருகன் கோயில் 2005இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அந்தக் கரையில் மணலுக்கடியில் இன்னும் என்ன இருக்கிறதோ அதைத் தோண்டும் வேலை துறையினுடையது.

இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்டதைத் தொல்பொருள் என்கிறது. கண்டுபிடிக்கப்படாத தொல்பொருள் அனைத்தும் அரசின் சொத்து. உரிமம் இல்லாமல் அகழ்வது குற்றம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அலை கழுவித் தரும் டச்சுக் கம்பெனியின் செப்புச் சல்லிகளும் இந்த வயதுக் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. ‘புதையல் தோண்டியவர்கள் கைது’ என்ற செய்தியில், பிடிபட்ட பொருள்களின் பட்டியலில் பூசைச் சாமான்களுக்குப் பக்கத்தில் டிடெக்டரும் இடம்பெறுவதை நாளேடு படிப்பவர்கள் அறிவார்கள். வடக்கிலும் கிழக்கிலும் இதற்கு மேலும் ஒரு தடை இருக்கிறது. போர் முடிந்து இத்தனை ஆண்டாகியும் கண்ணிவெடி அகற்றும் பணி முழுதாக முடியவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் போர்க்காலத்தில் நகை புதைத்திருக்கிறார்கள் என்ற பேச்சு அடிக்கடி கிளம்பும். அப்படிச் சந்தேகிக்கும் இடத்தைத் தோண்டுவதற்குக் காவல்துறையே நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் போகிறது.